யார் சொல்லி வந்தீங்க?

காக்களூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் அப்போது பாதி ஷெட்டுகளுக்குக் கூரை ஏறவில்லை. மீதிப் பாதிக்குக் கூரை இருந்தது, உள்ளே மெஷின் வரவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் கேட் இருந்தது. கேட்டுக்கு ஒரு வாட்ச்மேன் இருந்தார். எந்த வாட்ச்மேனைப் பார்த்தாலும் அவரிடம் ஒரே கேள்விதான் இருந்தது.

"யாரு சொல்லி வந்தே?"

என்ன வேலை தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. தோளில் மாட்டியிருந்த தகரக் குழலுக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவும் இல்லை. உள்ளே இருந்தவை என் கையால் போட்ட வரைபடங்கள். ஒரு ஷெட்டுக்குள் லேத் எங்கே நிற்க வேண்டும், மோட்டார் எங்கே, வாசல் எத்தனை அடி, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று கோடு போட்டுக் காட்டுவதுதான் என் தொழில். அந்தப் படம் இல்லாமல் வங்கியில் கடன் கிடைக்காது, கரண்டு கிடைக்காது, லைசென்ஸ் கிடைக்காது. ஊரில் எல்லோருக்கும் தேவையான பொருளைத் தோளில் சுமந்துகொண்டு, யாருக்கும் தேவையில்லாதவனாக அலைந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். ஆர்டர் குறைந்தது, வரைபடப் பிரிவில் ஆள் குறைத்தார்கள். கடைசியாகச் சேர்ந்தவன் முதலில் வெளியே போகவேண்டும் என்பது அங்கே சட்டம். மேனேஜர் கை குலுக்கி, "உனக்கென்னப்பா, கையில தொழில் இருக்கு, சொந்தமா பண்ணு" என்றார். அறிவுரை சொல்வதற்கு மட்டும் எந்தக் கம்பெனியிலும் ஆள் குறைப்பே கிடையாது.

சொந்தமாகச் செய்துதான் ஆகவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி இருந்தது. கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, ஏரிக்குக் கீழே, ஊருக்கு வெளியே இருந்த சேரியில் பிறந்தவன் நான். மாதா கோயில் பள்ளிக்கூடம் எங்களுக்கு எழுத்தைக் கொடுத்தது. மற்றபடி எங்கள் ஆட்கள் எல்லோரும் அடுத்தவர் வயலில் நடவு நட்டு, களை பறித்து, அறுவடை செய்தவர்கள். வரப்பில் கால் வைக்காமல் வெளியே வந்தவர்களில் நானும் ஒருவன். நான் பொன்னேரியில் வாடகைக்கு வீடு பிடித்தபோது அப்பா சொன்னது ஒன்றே ஒன்று: "திரும்பி இந்தச் சேத்துக்கு வந்துடாதடா." வேலை போனபோது என் மகளுக்கு மூன்று மாதம். தொழில் பிடிக்கவில்லையென்றால் அவளையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு அந்தச் சேற்றுக்குத்தான் போகவேண்டும். வேறு வழி எதுவும் எனக்கு இல்லை.

மூன்று மாதம் இரண்டு பஸ் மாறிக் காக்களூருக்குப் போய் வந்தேன். ஒரு நாள் ஒரு வாட்ச்மேன் மனம் இரங்கி பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "சார், நீ இங்க நடந்து நடந்து செருப்புதான் தேயும். ஆளப் புடி. பொன்னேரிலதான கீறே? காலைல மெட்ராஸ் போற வண்டில ஏறு. லோனு குடுக்கறவன், கரண்டு குடுக்கறவன், எல்லாம் அதுலதான் ஒண்ணா குந்திகினு போறான். அவன் ஒரு வார்த்த சொன்னா இந்த கேட்டு தானா தொறக்கும்."

அடுத்த வாரமே சீசன் டிக்கெட் எடுத்தேன். மெட்ராஸில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் தினமும் காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வேலைக்குப் போகிறவன் போலப் பாசஞ்சரில் ஏறினேன். மெட்ராஸில் இறங்கி, ப்ளூ பிரிண்ட் போடும் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பி வந்தேன். இதை என் மனைவியிடம் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அவள் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

இஞ்சினிலிருந்து மூன்றாவது பெட்டி. வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிப்பார்கள். யார் கைக்குட்டை யாருக்கு இடம் பிடிக்கிறது என்பதைப் பார்த்தாலே அந்தப் பெட்டியில் யாருக்கு என்ன மரியாதை என்பது தெரிந்துவிடும். எல்லோருடைய கைக்குட்டையும் முதலில் இடம் பிடித்தது ஒரு வங்கிக்காரருக்கு. சிறுதொழில் கடன் பிரிவில் தலைமைக் குமாஸ்தா அவர். யார் புதிதாகப் பட்டறை போடப்போகிறார்கள் என்பது அந்தப் பட்டறைக்காரரின் மனைவிக்குத் தெரிவதற்கு முன் அவருக்குத் தெரியும். திங்கள் முதல் வியாழன் வரை சீட்டாட்டம். வெள்ளிக்கிழமை பஜனை. ஜன்னல் கொக்கியில் முருகன் படம், படத்துக்குச் சாமந்தி, ஒரு ஜோடி ஜால்ரா, ஒரு சின்னத் தட்டில் விபூதி. பாட்டு முடிந்ததும் சுண்டல்.

எனக்குச் சீட்டாடத் தெரியாது. பாடத் தெரியும். மாதா கோயில் பாடகர் குழுவில் பன்னிரண்டு வருஷம் பாடியவன் நான். இரண்டாவது வெள்ளிக்கிழமை அவர்கள் சுருதி விட்டுத் தடுமாறியபோது பின்னால் நின்று எடுத்துக் கொடுத்தேன். வங்கிக்காரர் திரும்பிப் பார்த்தார். "குரல் நல்லா இருக்கே. உக்காருங்க" என்று தள்ளி இடம் கொடுத்தார். தட்டு வந்தது. எல்லோரும் எடுத்துப் பூசிக்கொண்டார்கள். என் விரலும் தட்டுக்குள் போயிற்று.

"சொந்த ஊரு?" என்றார்.

"பொன்னேரிதான் சார். பூர்வீகம் நெல்லூர் பக்கம்."

நெல்லூரில் எனக்கு ஒரு நாய் கூடச் சொந்தமில்லை. என் பெயர் எந்தப் பக்கத்துக்கும் பொருந்துகிற பெயர். அவர்கள் தங்களுக்குப் பிடித்த மாதிரி என்னை நினைத்துக்கொண்டார்கள். நான் அதைத் திருத்தவில்லை. அந்தப் பெட்டியில் பொய் சொன்னது ஒரே ஒரு தடவைதான். பிறகு வாயை மூடிக்கொண்டிருந்ததே போதுமானதாக இருந்தது.

சுண்டலை ஆளுக்கொரு வாரம் கொண்டுவருவது வழக்கம். எல்லா வாரமும் நானே கொண்டுவருகிறேன் என்றேன். ஆள் பிடிக்க வேண்டுமானால் வயிற்றைப் பிடிக்கவேண்டும் என்பது என் கணக்கு. வியாழக்கிழமைதோறும் என் மனைவி கொண்டைக்கடலை ஊறப்போட்டாள். காலையில் தேங்காய் துருவிப் போட்டு, எவர்சில்வர் தூக்கில் அடைத்துக் கொடுத்தாள். ஒரு நாள் தூக்கை நீட்டியபடி கேட்டாள்: "இன்னாங்க, இது சாமிக்குப் படைக்கறதா, பேங்க்காரருக்குப் படைக்கறதா?"

"நம்ம பொண்ணுக்கு" என்றேன்.

"அப்ப அவளுக்குப் பேரு வெச்ச மாதா கோயில ஏன் மறைக்கறீங்க?"

நான் வண்டிக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன்.

சுண்டல் வேலை செய்தது. நான்காவது மாதம் வங்கிக்காரர் தன் விசிட்டிங் கார்டின் பின்னால் எழுதிக் கொடுத்தார்: "தெரிந்தவர். உதவவும்." மூன்று மாதம் என் செருப்பைத் தேய்த்த அதே காக்களூர் கேட்டில் அந்தக் கார்டை நீட்டினேன். வாட்ச்மேன் ஸ்டூலை விட்டு எழுந்தார். முதலாளி காபி வாங்கிவரச் சொன்னார். என் வரைபடத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வேலையைக் கொடுத்தார். ஆறு வருஷம் பழகிய கைக்கு மதிப்பில்லை, அட்டைக்குப் பின்னால் இருந்த இரண்டு வார்த்தைக்கு மதிப்பு இருந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது வாய் கசக்கிறது.

ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார். அவர் மச்சானிடம் சொன்னார். ஒரு வருஷத்தில் நட்டு போல்ட்டு பட்டறை, அரிசி மில், டின் டப்பா கம்பெனி என்று வேலை வந்துகொண்டே இருந்தது. என் கைக்குட்டைக்கும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

அப்போதுதான் வங்கிக்காரர் அந்தப் பெரிய வேலையைச் சொன்னார். கும்மிடிப்பூண்டியில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலை வருகிறது, மொத்தமாக எல்லா வரைபடமும் போடவேண்டும், இரண்டு வருஷத்துக்கு வேலை இருக்கும். "நானே கூட்டிட்டுப் போய் அறிமுகப்படுத்தறேன்" என்றார். புதன்கிழமை போனோம். நெற்றியில் பட்டையாக விபூதி இட்டுக்கொண்டு போனேன். வெள்ளிக்கிழமை வழக்கம் எனக்கு எல்லா நாளுக்கும் பரவியிருந்தது.

முதலாளியும் வங்கிக்காரரும் நானும் ஷெட்டுக்குள் நடந்துகொண்டிருந்தோம். அஸ்திவாரக் குழியிலிருந்து ஒருவர் ஏறி வந்தார். அந்தத் தொழிற்சாலையின் ஃபிட்டர் மேஸ்திரி. எங்கள் சேரியில் எனக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மழைக்காலத்தில் ஓடை நிரம்பும்போது என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கரையில் பள்ளிக்கூடத்துக்கு இறக்கிவிட்டவர். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"இன்னா தம்பி, நல்லா கீறியா? நைனா எப்டி கீறாரு?"

வங்கிக்காரர் என் முகத்தைப் பார்த்தார். முதலாளியும் பார்த்தார்.

"யாருன்னு தெரியலையே. வேற யாரையோ நெனச்சுகினு பேசறீங்க" என்றேன். குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருக்கலாம்.

அவர் என் நெற்றியைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தார். கையில் இருந்த பஞ்சு வேஸ்ட்டால் விரல் விரலாகக் கிரீஸைத் துடைத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க சார். ஆளு மாறிப்போச்சு. எங்க ஊர்ல ஒரு பையன் அசப்புல உங்கள மாதிரியே இருப்பான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பக் குழிக்குள் இறங்கினார்.

அந்த வார வெள்ளிக்கிழமை எப்போதும்போலப் போயிற்று. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை. பாட்டு முடிந்தது. தூக்கைத் திறந்து முதலில் வங்கிக்காரரிடம் நீட்டினேன். "வயிறு கொஞ்சம் சரியில்ல" என்றார். பக்கத்தில் இருந்த கரண்டு ஆபீஸ்காரர், "காலைல டிபன் கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு" என்றார். அடுத்தவருக்கு விரதம். அதற்கடுத்தவர் ஜன்னலுக்கு வெளியே மீஞ்சூரை முதல் முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெட்டி முழுக்க ஒரே நாளில் வயிறு கெட்டது. ஒரு வருஷம் கைக்குழி நிறைய வாங்கி, தேங்காய்த் துருவலைக் கடைசியில் வழித்துச் சாப்பிட்டவர்கள். தெய்வத்தின் முன் எல்லோரும் ஒன்று என்று ஐந்து நிமிஷம் முன்புதான் என்னோடு சேர்ந்து பாடியவர்கள்.

ஒருவராவது வாய்விட்டுத் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். ஒருவரும் திட்டவில்லை. மிகவும் மரியாதையாக இருந்தார்கள். நிறைந்த தூக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி மூடியைத் திறந்து பார்த்தாள். மதியம் நாங்கள் இருவரும் அதைத்தான் சாப்பிட்டோம்.

வார்ப்பட வேலை வேறு ஆளுக்குப் போயிற்று என்று வங்கிக்காரரே பிளாட்பாரத்தில் சொன்னார். பிறகு கார்டும் வரவில்லை, இடம் பிடிக்கக் கைக்குட்டையும் விழவில்லை. நான் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கவில்லை.

யார் சொல்லியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மேஸ்திரிதான். நான் தெரியாது என்றேன், அவருக்குப் பொறுக்கவில்லை, பின்னால் போய்ப் போட்டுக் கொடுத்துவிட்டார். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் பொருமினேன். "அவன் அப்டிச் செய்றவன் இல்லடா" என்றார் அப்பா. "உனக்கு எல்லாரும் நல்லவங்கதான்" என்று அவர் வாயை அடைத்தேன். பூசை முடிந்து மேஸ்திரி எதிரே வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. அதைப் பிரிக்காமல் அலமாரிக்கு மேலே போட்டேன், கல்யாணத்துக்கும் போகவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் அந்த மனுஷனை மனதுக்குள் வைத்து வறுத்தெடுத்தேன்.

ஆனால் தொழில் படுக்கவில்லை. ஆறேழு மாதம் பட்டினி மாதிரி இருந்தது, பிறகு கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கம்பி இழுக்கும் பட்டறை ஒன்று. எண்ணெய் மில் ஒன்று. பெயர் கேட்டு, வீடு தேடி வந்தார்கள். கேட்டில் எந்த வாட்ச்மேனும் என்னை எதுவும் கேட்கவில்லை. என் கோடே பேசுகிறது என்று நினைத்துக்கொண்டேன். யார் தயவும் இல்லாமல் என் கை என்னைத் தூக்கி நிறுத்திவிட்டது என்று மனைவியிடம் மார்தட்டினேன். எந்தக் கார்டும் இல்லாமல் வேலை எப்படி வருகிறது என்று ஒரு தடவையாவது யோசித்திருக்க வேண்டும். தலைக்கனம் யோசிக்க விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வங்கிக்காரர் என் வீட்டுக்கே வந்தார். ரிட்டயர் ஆகப்போகிறாராம், பொன்னேரியிலேயே மனை வாங்கியிருக்கிறாராம், வீட்டுக்கு ஒரு பிளான் வேண்டுமாம். வாசலிலேயே நின்று பேசினார். கோயிலுக்குக் கிளம்பிய என் மனைவி முக்காட்டைச் சரிசெய்தபடி எங்களைத் தாண்டிப் போனாள்.

"உங்க வீட்டம்மாவ அன்னைக்கே பாத்தேன்" என்றார் அவர், ஏதோ பழைய சிநேகத்தை ஞாபகப்படுத்துகிற மாதிரி. "கும்மிடிப்பூண்டி போய்ட்டு வந்தோமே, அந்த வாரம் ஞாயித்துக்கிழமை. மாதா கோயில் வாசல்ல கொழந்தையோட நின்னுட்டிருந்தாங்க. ஸ்டேஷன்ல ஒரு தடவ உங்களோட பாத்த மொகம்தான, அப்பவே புரிஞ்சுபோச்சு. அந்த மேஸ்திரியையும் கூப்ட்டுக் கேட்டேன், சும்மா சொல்லக்கூடாது, அவன் கடைசி வரைக்கும் ஒங்கள தெரியவே தெரியாதுன்னு சாதிச்சுட்டான். எனக்கு ஒண்ணும் இல்ல, நான் இதெல்லாம் பாக்கறவன் இல்ல. மத்தவங்க சாப்பிடற விஷயம், அதனால சொல்லவேண்டியதாப் போச்சு."

யார் சொல்லி வந்தீங்க என்று அவரைக் கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. பிளான் போட்டுக் கொடுத்தேன். சமையலறைக்கு நல்ல வெளிச்சம் வைத்துக் கொடுத்தேன். கோபத்தைக் காட்டத் தெரியாத கை என்னுடையது, அதை நினைத்தாலும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஆனால் அன்றைக்கு என்னை அடித்துப் போட்டது அவர் இல்லை. பிரிக்காத கல்யாணப் பத்திரிகையை அலமாரிக்கு மேலிருந்து எடுத்துப் பார்த்தேன். உறையின் மேல் என் பெயருக்கு முன்னால் 'தம்பி' என்று எழுதியிருந்தது. போய்ப் பார்க்கவேண்டும் என்று நினைத்தேன். நாளைக்கு, அடுத்த வாரம், ஈஸ்டருக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். தப்பு செய்தவனுக்கு எப்போதும் நிறைய வேலை இருக்கும்.

கோடையில் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு புது முதலாளி ஆள் அனுப்பினார். பழைய ஷெட்டை வாங்கி ஸ்டீல் பட்டறை போடுகிறார். நானாகத்தான் அவரிடம் கேட்டேன்.

"என்னைப் பத்தி யார் சார் சொன்னாங்க?"

"எங்க ஃபிட்டர் மேஸ்திரி. வார்ப்படக் கம்பெனில இருந்து இங்க வந்துட்டாரு. இந்தப் பக்கம் யார் ஷெட்டு போட்டாலும் உங்க பேரத்தான் சொல்வாராமே, கம்பி பட்டறைக்காரர் கூட சொன்னாரு." முதலாளி சிரித்தார். "சொந்தக்காரரான்னு கேட்டேன். இல்ல சார், ஆள் பழக்கம் இல்ல, வேலைய மட்டும் பாத்துகீறேன்னாரு."

அவரைக் கூப்பிட்டு, ஷெட்டை அளக்க என்னோடு போகச் சொன்னார் முதலாளி. மேஸ்திரி வந்தார். தலை நரைத்திருந்தது. "வணக்கம் சார்" என்றார். அளவு நாடாவின் வளையத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அந்தக் கோடிச் சுவருக்கு நடந்தார். நான் இந்தச் சுவரோரம் நாடாவின் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடுவில் நாடா இழுபட்டு விறைத்து நின்றது. முதலாளி வெளியே போய்விட்டார். ஷெட்டில் வேறு யாரும் இல்லை.

"அண்ணே" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. வளையத்தைச் சுவரோடு ஒட்ட வைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"நான் புட்ச்சுகினேன். அளவப் பாத்துக்குங்க சார்."